மூன்றில் ஒரு பங்கு: நங்கநல்லூரில் ஒரு பூங்காவைச் சீரமைத்த பதிவு

நங்கநல்லூரில் எங்கள் தெருக்களுக்கு நடுவே உள்ள நாலரை கிரவுண்டு பூங்கா ஒன்றை, நமக்கு நாமே திட்டத்தின் கீழ், குடியிருப்போரின் பணமும் அரசின் பணமும் சேர்த்துச் சீரமைத்தோம். இதே வேலையில் இறங்க நினைக்கும் நலச் சங்கங்களுக்கு உதவும் என்பதால், எந்தக் காகிதம் எப்போது தேவைப்பட்டது, எந்த இடத்தில் எங்கள் உழைப்பு பலன் தந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். பணம் திரட்டுவதுதான் கடினம் என்று பலரும் எண்ணுகிறார்கள். எங்களுக்கு அது இரண்டாம்பட்சமாகவே இருந்தது. பொறியாளர் தயாரிக்கும் மதிப்பீட்டை வரி வரியாகப் படித்து, சந்தேகம் கேட்டு, வேண்டிய திருத்தங்களுடன் வாங்குவதே குடியிருப்போர் செய்யக்கூடிய வேலைகளில் பெரியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: பொதுமக்கள் ஒரு பங்கைச் செலுத்தினால் மீதியை அரசு போட்டு ஊருக்கான பொதுப்பணியைச் செய்து தரும் இந்த ஏற்பாடு தமிழ்நாட்டில் 1997-98-இல் தொடங்கியது. 2011-12 முதல் ஊரகப் பகுதிகளில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-இல் பழைய பெயரிலேயே நகர்ப்புறங்களுக்கும் மீண்டும் வந்தது. மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும் என்பதே அடிப்படை. பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளி, தெருவிளக்கு போன்ற பொதுச் சொத்துகளுக்கே இந்தப் பணம் பயன்படும்; வாயிற்கதவு போட்டு மூடிய அடுக்ககத்தின் உட்புறத் தோட்டத்துக்கு இதில் இடமில்லை.

எங்கள் பகுதிக்கு இந்த முறை புதிதும் அல்ல. நங்கநல்லூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைவதற்கு முன் ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாயும் வணிக இடங்களுக்கு 10,000 ரூபாயும் மக்களிடம் முன்கூட்டியே வாங்கினார்கள். குழாய் ஒன்றுகூட மண்ணுக்குள் இறங்காத நிலையில் வங்கி வாசலில் நின்று பணம் கட்டியவர்கள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். மக்கள் பங்களிப்புடன் நடந்த கழிவுநீர்த் திட்டங்களுக்கு ஆலந்தூரை எடுத்துக்காட்டாகக் காட்டிப் பல ஊர்களில் பாடம் நடத்தினார்கள். எங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்தில், “வரி கட்டுகிறோமே, இதற்கு வேறு எதற்குப் பணம்?” என்று இளையவர் ஒருவர் கேட்டபோது பதில் சொன்னவர்கள், அந்த 5,000 ரூபாய் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்த மூத்தவர்கள்தான். அவருடைய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வரிப்பணத்தில் எங்கள் பூங்காவுக்கு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். பங்களிப்புடன் சென்றால் எதைச் செய்வது என்று முதலில் சொல்லும் இடத்தில் நாம் இருக்கிறோம். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் திட்டம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது.

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இடம் யாருடையது என்பதை உறுதி செய்துகொண்டோம். மனைப்பிரிவின் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் தீட்டியிருப்பது போதாது. மனைப்பிரிவு போட்டவர் அந்த நிலத்தை உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய மனைப்பிரிவுகள் பலவற்றில் வரைபடம் ஒப்புதல் பெற்றிருக்கும், சுற்றுச்சுவர்கூட எழும்பியிருக்கும், பத்திரம் மட்டும் எழுதப்பட்டிருக்காது. பிற்காலத்தில் வாரிசுகள் வந்து வழக்குப் போடுவது இந்த இடைவெளியில்தான். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்து, தானப் பத்திரத்தின் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் நகலையும் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தையும் ஒரே கோப்பில் வைத்தோம். வரைபடத்தின் அளவுகளோடு நிலத்தையும் நாடா பிடித்து அளந்துகொண்டோம். விண்ணப்பத்துடன் அந்தக் கோப்பைக் கொடுத்ததால், நிலம் குறித்து எவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவு பெற்றதாக இருந்ததும், அதன் பெயரில் வங்கிக் கணக்கு இருந்ததும் வேலையை எளிதாக்கின. பதிவு புதுப்பிக்கப்படாத சங்கங்கள் முதலில் அதை முடித்துவிடுவது நல்லது.

இனி மதிப்பீடு. உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்வையிட வந்த நாளில், எங்கள் சங்கத் தலைவரான ஓய்வுபெற்ற தணிக்கையாளர் அம்மா, வேண்டியவற்றை ஒரே தாளில் முன்னுரிமைப்படி எழுதிக் கையில் கொடுத்தார். நடைபாதை, மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் உறைகிணறு, சுற்றுச்சுவர்மேல் கிராதி, பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாதனங்கள், விளக்கு என்று அதில் இருந்தது. வாய்மொழியாகச் சொன்னவை மதிப்பீட்டில் வேறு உருவம் எடுத்துவிடும் என்பது அவருடைய நாற்பதாண்டு அலுவலக அனுபவம். விளக்கு மின்துறையையும், செடிகளும் சாதனங்களும் பூங்காத் துறையையும் சேர்ந்தவை என்பதால், ஒரே பூங்காவுக்குள் இரண்டு துறைகளின் கணக்கு ஓடும். இரண்டும் ஒரே கோப்பில் ஒன்றாகச் செல்கின்றனவா என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பாதை போட்டு முடித்தபின் விளக்குக் கம்பிக்காக அதே பாதையைப் பெயர்ப்பதைத் தவிர்க்க இதுவே வழி.

மதிப்பீடு இரண்டு பகுதிகளாக வரும். விரிவான மதிப்பீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு ஆகியவை இருக்கும். சுருக்க மதிப்பீட்டில் அந்த அளவை அரசின் விலைப்பட்டியல் விகிதத்தால் பெருக்கிய தொகை இருக்கும். பெரும்பாலோர் கடைசிப் பக்கத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். நாங்கள் விரிவான மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பூங்காவுக்குள் நடந்தோம். நடைபாதை 110 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம்; ஆக 165 சதுர மீட்டர். மரங்கள் பாதையை ஒட்டி நிற்கும் இடங்களில் எவ்வளவு கழிக்க வேண்டும், பழைய சிமென்ட் தளத்தை உடைத்த கட்டடக் கழிவை எவ்வளவு தூரம் கொண்டுபோகக் கணக்கிட்டிருக்கிறார்கள், பாதையின் இரு ஓரமும் நிற்க வைக்கும் ஓரக்கல் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் தரையோடு ஒப்பிட்டோம். ஓரக்கல் விட்டுப்போயிருந்தது, சொன்னதும் சேர்த்துத் தந்தார்கள். ஓரக்கல் இல்லாத பேவர் பிளாக் பாதை ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பக்கவாட்டில் விலகி, நடுவில் பள்ளம் விழும்.

கற்களின் கனத்தையும் எழுத்தில் பார்க்க வேண்டும். நடப்பவர்கள் மட்டுமே புழங்கும் பாதைக்கு 60 மில்லிமீட்டர் கனம் தாராளமாகப் போதும். 80 மில்லிமீட்டர் வண்டி ஓடும் இடங்களுக்கானது. கனமானதே நல்லது என்று எங்களில் சிலர் வாதிட்டார்கள். பூங்காவுக்குள் லாரி வரப்போவதில்லை என்றும், மிச்சமாகும் பணத்தில் உறைகிணற்றை ஆழப்படுத்தலாம் என்றும் முடிவு செய்தோம். மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கல் பதிக்கக் கூடாது என்பதையும் வரைபடத்திலேயே குறிக்கச் சொன்னோம். டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் சொன்ன அளவு அது. வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தால், வேலையாட்கள் அடிமரம் வரை கல்லை ஒட்டிவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

எவ்வளவு திரட்ட வேண்டும் என்ற கணக்கு எங்கே பிசகும் என்பதைப் புரியும்படி சொல்லிவிடுகிறேன். வேலையின் மதிப்பு 9,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தில் எழுந்து நின்று, “மூன்றில் ஒரு பங்கு 3,00,000” என்று ஒருவர் அறிவித்துவிடுவார். ஆனால் அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது 1,62,000 ரூபாய் சேர்ந்து 10,62,000 ஆகும். அதன் மூன்றில் ஒரு பங்கு 3,54,000 ரூபாய். தொழிலாளர் நல நிதி போன்ற சில்லறைத் தலைப்புகளும் அதன்மேல் உண்டு. ஆகவே தெரிந்த ஒப்பந்ததாரர் ஒருவர் சொல்லும் உத்தேசத் தொகையை வைத்து வசூலைத் தொடங்காமல், பொறியாளர் கையொப்பமிட்ட மதிப்பீடு வந்தபின்பே வீடுகளுக்கு எழுதினோம். ஒரு வாசலுக்கு இரண்டாம் முறை பணம் கேட்டுப் போவதைப் போன்ற சங்கடம் நலச் சங்க வேலையில் வேறில்லை. இன்னொன்று, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் ஆண்டுதோறும் மாறும். அனுமதி கிடைப்பதற்குள் நிதியாண்டு கடந்துவிட்டால் மதிப்பீட்டைப் புதிய விகிதத்தில் மாற்றிப் போடுவார்கள். நம் பங்கும் கூடும். எனவே தேவைப்படுவதைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகவே இலக்கு வைத்தோம்.

வசூலில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை என்று வைக்கவில்லை. தனி வீடுகளுக்கு ஒரு தொகை, அடுக்ககக் குடியிருப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் பாதி, வாடகைக்கு இருப்பவர்கள் விரும்பியதைத் தரலாம், உரிமையாளர்களுக்குத் தனியே கடிதம் என்று பிரித்தோம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்புவதாகச் சொன்ன பணத்தை வாங்கவில்லை. வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டச் சிக்கல்களை ஒரு பூங்காவுக்காகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று தணிக்கையாளர் அம்மா தடுத்துவிட்டார். பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்குக் கொடுத்து, பெற்றோர் எங்களுக்குக் கொடுத்தார்களா என்பதை நாங்கள் ஆராயவில்லை. ரொக்கமாக எதையும் பெறாமல், வங்கி வழியே வந்ததற்கெல்லாம் ரசீது கொடுத்து, தெருவாரியான பட்டியலைப் பூங்கா வாசலில் ஒட்டினோம். பெயருக்கு எதிரே தொகையைப் போடவில்லை, தந்தார்கள் என்ற குறி மட்டும். எங்கள் பங்கு முழுவதும் வங்கி வரைவோலையாகச் சென்றது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1988 முதல் நடக்கும் இதே போன்ற இணைமானியத் திட்டத்தில், தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரங்களுக்கும் விலை போட்டு மக்களின் பங்காக வரவு வைக்கிறார்கள். எங்களிடம் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் தோட்ட வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பும் கணக்கில் வந்திருந்தால், பணமாகத் தர இயலாத வீடுகள் தலைநிமிர்ந்து பங்கேற்றிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

இடையில் பூங்காவின் ஈசான மூலையில் சிறிய பிள்ளையார் சந்நிதி ஒன்று வைத்துவிடலாம் என்ற யோசனை வந்தது. நங்கநல்லூரில் இந்த யோசனை வராவிட்டால்தான் வியப்பு. பொது இடங்களில் புதிய வழிபாட்டுக் கட்டடங்கள் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் இட்ட ஆணையைக் காட்டி, அடுத்த இரண்டு தெருக்களில் பிள்ளையார் ஏற்கெனவே இருப்பதையும் சொல்லி முடித்தோம்.

அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை ஆகியவற்றில் நாங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடைமுறை போகும். பணி ஆணையின் நகலையும், ஒப்பந்ததாரர் குறைகளைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எவ்வளவு என்று சொல்லும் நிபந்தனைப் பக்கத்தையும் மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டோம். வேலை பொங்கலுக்குப் பிறகு தொடங்குமாறு பார்த்துக்கொண்டதில் பலன் இருந்தது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மாதங்களில் குழி தோண்டினால் குழிக்குள் நிற்கும் தண்ணீரை இறைப்பதற்கே கூலி போய்விடும்.

முதலில் உறைகிணறுதான். இதற்கு ஏன் முதலிடம் என்று பலர் கேட்டார்கள். பத்து சென்டிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில், ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர் உள்ள எங்கள் பூங்காவின்மேல் மட்டும் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழும். மூன்றடி விட்டமும் பதினைந்தடி ஆழமும் உள்ள உறைகிணறு ஒன்றின் கொள்ளளவு சுமார் 3,000 லிட்டர்தான். அதாவது கிணறு ஒரு தொட்டியாக இருந்து பயனில்லை. உள்ளே வரும் தண்ணீரை அது எவ்வளவு விரைவில் மண்ணுக்குள் அனுப்புகிறது என்பதே கணக்கு. பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடங்களில் இது பெரிய கவலை ஆகாது. எங்கள் பக்கம் மேலே களிமண், அடியில் பாறை. பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்தின் கரும்பாறையான சார்னோக்கைட்டுக்குப் பெயர் வந்ததே, பல்லாவரத்தில் வெட்டிய கல் கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக்குப் போனதால்தான் என்பதை, குழி தோண்டிய நாட்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மதிப்பீட்டில் கிணற்றின் ஆழம் பன்னிரண்டு அடி என்றிருந்தது. உறை இறக்க வந்த மேஸ்திரி சோதனைக் குழியைப் பார்த்துவிட்டு, “சார், களிமண்ணுக்குள்ளயே நிறுத்தினா தண்ணி நிக்கும், இறங்காது. அடியில உடைஞ்ச பாறை வர்ற வரைக்கும் போகணும்” என்றார். குழியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியில் குறி வைத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பொறியாளர் முன்னிலையில் பார்த்தோம். களிமண் அடுக்கில் மட்டம் அசையவே இல்லை. உடைந்த பாறையும் கரளையும் கலந்த அடுக்கை எட்டியபின் கண்ணெதிரே இறங்கியது. பேவர் பிளாக் கனத்தைக் குறைத்து மிச்சப்படுத்திய தொகை அந்தக் கூடுதல் மூன்றடிக்கு உதவியது. உறைகளின் பக்கங்களில் துளைகள் இருக்க வேண்டும், கிணற்றுக்கு முன்னால் மண்ணும் இலையும் தங்கும் வண்டல் தொட்டி ஒன்று இருக்க வேண்டும், பாதை அந்தத் தொட்டியை நோக்கி ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்க வேண்டும் என்ற மூன்றும் மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருந்ததால், வேலை நடக்கும்போது வாதாட வேண்டியிருக்கவில்லை.

சுற்றுச்சுவர்க் கிராதிக்கும் ஊஞ்சலுக்கும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், நடுத்தர வகை என்று எழுதியிருந்தது. இந்தக் குழாய்களில் பட்டை வண்ணம் உண்டு: மெல்லியதற்கு மஞ்சள், நடுத்தரத்துக்கு நீலம், கனமானதற்குச் சிவப்பு. இதைத் தெரிந்துகொள்ள எந்தப் பட்டமும் தேவையில்லை. சாமான் இறங்கிய அன்று மஞ்சள் பட்டைக் குழாய்கள் சில கலந்து வந்திருந்தன. வண்ணம் அடிப்பதற்கு முன் பார்த்ததால் ஒப்பந்ததாரர் மறுப்புச் சொல்லாமல் மாற்றிக்கொண்டார். வண்ணம் அடித்துவிட்டால் பிறகு எடை போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். அதனால் சாமான் இறங்கும் நேரத்தில் சங்கத்தார் ஒருவராவது இடத்தில் இருக்குமாறு முறை வைத்துக்கொண்டோம். அளவுப் புத்தகத்தில் பொறியாளர் அளந்து எழுதியபோதும் உடன் நின்றோம். மண்ணுக்குள் மறையும் வேலைகளான கிணற்றின் ஆழம், பாதையின் அடித்தளக் கனம் ஆகியவற்றை மூடுவதற்கு முன் நாடாவுடன் சேர்த்துப் படம் எடுத்து வைத்தோம். இவற்றைச் சந்தேகத்தால் செய்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அளவு சரியாக இருந்தால் ஒப்பந்ததாரருக்கும் பட்டியல் தொகை விரைவில் கிடைக்கிறது.

இந்தப் பணம் கட்டுவதற்கானது, பராமரிப்பதற்கு அன்று. மின்கட்டணமும் துப்புரவும் மாநகராட்சியின் பொறுப்பில் இருக்க, வண்டல் தொட்டி, செடிகள், மாலைவேளையில் வாயிற்கதவைப் பூட்டுவது ஆகிய மூன்றையும் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். இலக்குக்கு மேல் திரண்ட பணத்தைத் தனி வைப்பாகப் போட்டு, அதன் வட்டியில் தோட்டக்காரரின் கூலியில் ஒரு பகுதியைத் தருகிறோம். மீதிக்கு மாதச் சந்தா. வண்டல் தொட்டியைப் புரட்டாசிக்குள் ஒரு முறையும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழை ஓய்ந்த ஒவ்வொரு முறையும் வாரி எடுக்க வேண்டும். விட்டால் சேறு கிணற்றுக்குள் போய்த் துளைகளை அடைத்துவிடும். தொட்டியின் கான்கிரீட் மூடியைத் தூக்குவது மூத்தவர்களுக்குச் சிரமமாக இருந்ததால், அதை இரண்டு துண்டாக வார்க்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் இரும்புக் கைப்பிடி பதித்திருக்கிறோம். அடுத்து வரவிருக்கும் மதிப்பீட்டில், பக்கத்துத் தெருவின் மழைநீர் வடிகாலை ஒட்டிய மூலைப் பூங்காவுக்கு, இதையும் ஒரு வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.